படிக்கும் கண்ணுக்கும் இரக்கம் காட்டுங்கள்!

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகங்களில் மக்கள் மனுவோடு வரிசையில் நிற்கிறார்கள். பல மனுக்கள் கம்ப்யூட்டரில் அடித்தவை. ஆனால், எளிதில் படிக்க முடிகிறதா?

எல்லா வரியும் தடித்த எழுத்து! மூச்சு விட இடம் இல்லாத நெருக்கம்! கேட்பது பட்டாவா, முதியோர் பென்சனா என்று தேட வேண்டி இருக்கிறது.

குறை கம்ப்யூட்டரிடம் இல்லை. எழுத்தை அடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அழகாக அடுக்கக் கற்றுக்கொடுப்பது இல்லை.

தமிழுக்கு இடம் வேண்டும்

"கி" மேலே வளைகிறது. "கு" கீழே இறங்குகிறது. வரிகள் நெருங்கினால் ஒன்றின் காலும் மற்றதன் தலையும் முட்டும். ஆகவே, வரிக்கு வரி ஒன்றரை மடங்கு இடைவெளி விடுங்கள்.

எழுத்து 12 பாயிண்ட் இருக்கட்டும். முதியவர் படிப்பதானால் 14. தலைப்புக்கு மட்டும் தடித்த எழுத்து போதும். நாலு புறமும் ஓர் அங்குலம் வெள்ளை விடுங்கள்.

தமிழில் நீண்ட சொற்கள் அதிகம். இரண்டு ஓரத்தையும் நேராக்கினால் நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இடது ஓரம் நேராக இருந்தாலே போதும்.

யூனிகோடு எழுத்தில் அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால், அது இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

இதைக் கற்க ஒரு வாரம் போதும். பள்ளிக் கம்ப்யூட்டர் வகுப்பிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும்.

"காகிதம் கூடுதலாகச் செலவாகுமே!" என்கிறீர்களா? ஒரு தாள் கூடினால் நஷ்டம் இல்லை. படிக்க முடியாத மனுதான் நஷ்டம்!