பச்சை வலைக்குள் அடங்குமா புழுதி?

ஓரிடத்தில் கட்டடம் எழுகிறது என்பதை அறிவிக்கும் முதல் அடையாளம் இன்று பச்சை வலைதான். அடுக்குமாடிக் குடியிருப்பானாலும், மருத்துவமனையானாலும், பழைய கட்டடத்தை இடிக்கும் பணியானாலும், சாரத்தின் மீது வலை கட்டப்பட்டவுடன் புழுதியைக் கட்டுப்படுத்தும் கடமை நிறைவேறிவிட்டதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால், அந்த வலைக்கு அடுத்த வீட்டில் வசிப்பவர்கள் நாள்தோறும் ஜன்னல் விளிம்பில் படியும் சிமென்ட் தூளைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வலை இருந்தும் புழுதி ஏன் அடங்கவில்லை என்று ஆராய்ந்தால், காற்று மாசுக்கு எதிராக நாம் வகுத்த விதிகள் எங்கே தடுமாறுகின்றன என்பது புலப்படும்.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியில் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளைத் திருத்தி, கட்டுமானத்திலும் இடிப்புப் பணியிலும் புழுதியைத் தடுக்கும் ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கியது. மணலையும் இடிபாடுகளையும் மூடாமல் வைக்கக் கூடாது. கட்டுமானப் பொருள்களைத் திறந்தவெளியில் அறுக்கவோ அரைக்கவோ கூடாது. மூடப்படாத வாகனங்களில் அவற்றைக் கொண்டு செல்லக் கூடாது. தண்ணீர் தெளிக்கும் வசதி இருக்க வேண்டும். கட்டடத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சமாக 10 மீட்டர் உயரத்துக்குக் காற்றுத் தடுப்பு அமைக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. மும்பை மாநகராட்சி 2023 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகள், கட்டப்படும் கட்டடத்தை நாற்புறமும் பச்சைத் துணி, சணல் படுதா அல்லது தார்ப்பாய் கொண்டு மூடுமாறு கூறின. தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டுவோர் இணையத்தில் பதிவு செய்து, புழுதித் தடுப்பு நடவடிக்கைகளைத் தாங்களே சான்றளிக்க வேண்டும். பெருநகர சென்னை மாநகராட்சியும் 2025-இல் கட்டுமானப் புழுதிக்கென நெறிமுறைகளை வெளியிட்டது.

இத்தனை நிபந்தனைகளில் சாலையில் செல்பவரின் கண்ணுக்குத் தெரிவது வலை ஒன்றுதான். டைல்ஸ் அறுக்கும்போது தண்ணீர் ஊற்றப்பட்டதா, ஜல்லி இறக்கும்போது ஈரப்படுத்தப்பட்டதா, லாரியின் சக்கரங்கள் கழுவப்பட்டனவா என்பதையெல்லாம் உள்ளே சென்று, பணி நடக்கும் நேரத்தில் பார்த்தால்தான் அறிய முடியும். வலையையோ வாகனத்தில் அமர்ந்தபடியே பார்க்கலாம். படம் எடுத்துக் கோப்பில் சேர்க்கலாம். செலவும் குறைவு. எனவே, பல நடவடிக்கைகளில் ஒன்றாக இருக்க வேண்டிய வலை, நாளடைவில் எல்லாவற்றுக்கும் ஈடாகிவிட்டது.

அந்த வலை எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். சாரங்களில் பரவலாகக் காணப்படுவது, நாற்றங்கால்களுக்கும் காய்கறிச் செடிகளுக்கும் நிழல் தருவதற்காக உருவான நிழல்வலை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் நிழல்வலைக்கென வகுத்த ஐ.எஸ். 16008 தரநிலை, வேளாண்மை, தோட்டக்கலைப் பயன்பாட்டைக் கருதியே எழுதப்பட்டது. சந்தையில் இது 50 சதவீதம், 75 சதவீதம், 90 சதவீதம் என்று விற்கப்படுகிறது. இந்த எண்கள், வலை எவ்வளவு வெயிலை மறைக்கும் என்பதைக் குறிப்பவை. 90 சதவீத வலை 90 சதவீதப் புழுதியைத் தடுக்கும் என்று எண்ணினால் அது பிழை.

நுண்துகளின் அளவை நினைத்தால் இது எளிதில் விளங்கும். உடல்நலத்துக்குக் கேடு விளைவிப்பதாகக் கணக்கிடப்படும் 'பி.எம். 10' துகள், 10 மைக்ரானோ அதற்கும் குறைவான விட்டமோ உடையது. ஒரு மில்லிமீட்டர் அகலக் கண் கொண்ட வலையின் துளை, அதைப்போல நூறு மடங்கு பெரியது. பறந்து வரும் கலவைத் துணுக்கு, செங்கல் சில்லு, பருமனான மணல் போன்றவற்றை வலை தடுக்கும். நுரையீரலுக்குள் இறங்கும் துகளைச் சல்லடைபோல் அது சலித்து நிறுத்தாது.

அதனால் வலை பயனற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காற்றின் வேகத்தைக் குறைப்பதுதான் அதன் உண்மையான பணி. காற்று தளர்ந்தால் குவியலிலிருந்து தூசி கிளம்புவது குறையும். கிளம்பியதிலும் கனமானது அருகிலேயே படியும். முழுவதும் அடைக்கப்பட்ட சுவரில் மோதும் காற்று, அதன் மேல்விளிம்பைத் தாண்டிச் சுழன்று மறுபுறம் புழுதியைக் கிளப்பக்கூடும். ஓரளவு துளைகள் கொண்ட தடுப்போ காற்றைச் சிறிது கசியவிட்டு, அந்தச் சுழற்சியைத் தணிக்கிறது. ஆகவே, வலையின் துளைப் பரப்பு எவ்வளவு, அது எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டுள்ளது, எத்தனை உயரம் வரை உள்ளது என்பனவே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன. 2018-ஆம் ஆண்டின் திருத்தம் உயரத்தை மட்டும் சொல்கிறது. துளை அளவு, வலிமை, ஆயுள் ஆகியவற்றைக் குறிப்பிடவில்லை. அந்த உயரமும் 10 மீட்டரோடு நின்றுவிடுவதால், 60 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேல்தளங்களில் நடக்கும் பணிகளுக்கு அந்தத் தடுப்பு எவ்வகையிலும் துணை செய்யாது.

அடுத்தது வெயில். இந்த வலைகள் பெரும்பாலும் அடர்த்தி மிகு பாலிஎத்திலீன் இழைகளால் ஆனவை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அந்த நெகிழியின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைச் சிறுகச் சிறுக அறுக்கின்றன. இழை முதலில் நிறம் வெளுக்கும்; பிறகு நொறுங்கும் தன்மை பெறும். இதைத் தாமதப்படுத்த, இழையை வார்க்கும்போதே ஒளி நிலைப்படுத்திகளைக் கலக்கிறார்கள். கறுப்பு வலையில் கரித்தூள் அந்தப் பணியைச் செய்கிறது. நிலைப்படுத்தி போதிய அளவு கலக்கப்பட்ட வலைக்கும், கலக்கப்படாத மலிவு வலைக்கும் கடையில் வேறுபாடு தெரியாது. கட்டிய பிறகு வெயில்தான் அதை வெளிப்படுத்தும். ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும் சென்னை போன்ற நகரில், பிற்பகல் கடற்காற்றும் சேர்ந்துகொண்டால், தரம் குறைந்த வலை கட்டடம் முடியும் முன்பே கிழிந்து தொங்குவதில் வியப்பில்லை. கிழிந்த வலை காற்றைத் தணிப்பதில்லை. உதிரும் இழைகள் நெகிழித் துகள்களாகி மண்ணிலும் மழைநீர் வடிகாலிலும் சேர்கின்றன. புழுதியைத் தடுக்கக் கட்டியதே புதிய மாசாகிவிடுகிறது.

வெயிலைவிடக் கொடிய ஆபத்து நெருப்பு. ஹாங்காங்கின் தாய்போ பகுதியில் உள்ள வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் 2025 நவம்பர் 26 அன்று ஏற்பட்ட தீவிபத்து இதற்குச் சான்று. சீரமைப்புப் பணிக்காக மூங்கில் சாரமும் வலையும் போர்த்தப்பட்டிருந்த எட்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏழுக்குத் தீ பரவி, 150-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஜன்னல்களை மூடியிருந்த நுரைநெகிழிப் பலகைகள் தீ வேகமாகப் பரவ முக்கியக் காரணமாயின. வலையும் விசாரணைக்குத் தப்பவில்லை. சேகரிக்கப்பட்ட 20 வலை மாதிரிகளில் 7, தீத்தடுப்புத் தரத்தை எட்டவில்லை என்று அந்நகர அதிகாரிகள் தெரிவித்தனர். ஆய்வாளர்களின் கைக்கு எளிதில் எட்டும் இடங்களில் தரமான வலையும், எட்டாத இடங்களில் தரமற்ற வலையும் கட்டப்பட்டிருந்ததாகவும் கூறப்பட்டது. தீத்தடுப்பு வலை கட்டாயம் என்ற விதி உள்ள ஊரிலேயே இந்த நிலை என்றால், வலையின் தரத்தையே கேட்காத நம் விதிகளின் கீழ் என்ன நேரக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் பாலிஎத்திலீன் வலை எரிபொருள்தான். மக்கள் குடியிருக்கும்போதே பழுதுபார்க்கப்படும் கட்டடங்களில் இந்த ஆபத்து பன்மடங்காகிறது.

புழுதியின் பெரும்பகுதி வலைகட்டிய சுவரின் வழியே வெளியேறுவதும் இல்லை. கட்டுமான இடத்தின் வாயில் வழியாக, லாரிச் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு அது சாலைக்கு வருகிறது. அங்கே காய்ந்து, பின்னால் வரும் ஒவ்வொரு வாகனத்தாலும் அரைபட்டு மீண்டும் மீண்டும் எழுகிறது. தில்லியின் காற்று குறித்துக் கான்பூர் ஐஐடி 2016-இல் அளித்த அறிக்கை, அந்நகரின் பி.எம். 10 உமிழ்வில் 56 சதவீதம் சாலைப் புழுதி என்று கணக்கிட்டது. வாயிலில் சக்கரம் கழுவும் பள்ளம், உள்ளே கெட்டிப்படுத்தப்பட்ட பாதை, தார்ப்பாய் போர்த்திய லாரி, நாள்தோறும் சாலையைக் கூட்டி அள்ளுதல் ஆகிய நான்கும் எந்த வலையையும்விட அதிகப் பயன் தரும்.

இந்த விவாதத்தில் மறக்கப்படுபவர்கள் வலைக்கு உள்ளே இருப்பவர்கள். அக்கம்பக்கத்தாரைக் காக்க எழுப்பப்படும் தடுப்பு, புழுதியை உள்ளேயே தேக்கினால் அதைச் சுவாசிப்பவர்கள் கொத்தனாரும் சித்தாளும் டைல்ஸ் பதிப்பவரும்தான். கருங்கல், கான்கிரீட், எம்-சாண்ட் ஆகியவற்றில் படிகச் சிலிக்கா உள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பணியிடத்தில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதாக 1997-இலேயே வகைப்படுத்தியது. அது உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இன்றுவரை முழுமையான தீர்வு இல்லை. அமெரிக்கா 2016-இல் கட்டுமானத் தொழிலாளர் சுவாசிக்கும் காற்றில் சிலிக்காவின் அளவை, எட்டு மணி நேரச் சராசரியாக, கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என வரையறுத்தது. அதற்கு அது காட்டிய முதன்மை வழி, அறுக்கும் தகட்டில் தொடர்ந்து தண்ணீர் விழச் செய்வது அல்லது தூசியை உறிஞ்சும் கருவியை இயந்திரத்தோடு இணைப்பது. அறுவையிலேயே தூசியை அடக்கிவிட்டால் தொழிலாளியும் காக்கப்படுகிறார். அண்டை வீட்டாரும் காக்கப்படுகிறார்.

ஆரம்பத்தில் அடக்காத புழுதிக்கு இறுதியில் விலை கொடுப்பவரும் அந்தத் தொழிலாளிதான். குளிர்காலத்தில் தில்லியின் காற்று மோசமாகும்போது, படிப்படியான செயல்திட்டத்தின் கீழ்க் கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படுகின்றன. 2024-இன் இறுதியில் அவ்வாறு வேலையிழந்தோருக்குக் கட்டுமானத் தொழிலாளர் நலநிதியிலிருந்து பிழைப்பூதியம் வழங்குமாறு தலைநகர் வட்டார மாநிலங்களுக்கு உச்சநீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. ஆண்டு முழுவதும் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல், சில வாரங்கள் முற்றிலும் தடை செய்வது நிர்வாகத்துக்கு எளிது. அன்றாடக் கூலிக்கு அது அடுப்பு அணைவதாகும்.

இனி செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, கட்டுமான வலைக்கான தேவைகளை விதியிலேயே எழுத வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை, துளைப் பரப்பு எவ்வளவு, எத்தனை மணி நேரப் புற ஊதாச் சோதனைக்குப் பிறகு எவ்வளவு வலிமை எஞ்ச வேண்டும், தீத்தடுப்புத் தன்மை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பவை அதில் இடம்பெற வேண்டும். வலையில் தயாரிப்பு விவரமும் பயன்பாட்டுக் காலமும் அச்சிடப்பட வேண்டும். மேலிருந்து விழுபவரைத் தாங்கும் பாதுகாப்பு வலை வேறு, நிழல்வலை வேறு என்பதும் தெளிவாக்கப்பட வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கருதினால் உயிர்தான் பலியாகும்.

இரண்டாவதாக, ஆய்வு வாயிலில் தொடங்க வேண்டும். சாலையில் மண் தடம் இருந்தாலே விதிமீறல் என்று கொண்டால், அலுவலர் எந்தக் கருவியும் இன்றி அதைக் கண்டறியலாம். பெரிய பணியிடங்களில் நுண்துகள் அளவைக் காட்டும் கருவி பொருத்தி, அதன் அளவீட்டை வெளியிலுள்ள பலகையிலேயே மக்கள் காணச் செய்யலாம். மூன்றாவதாக, அரசுப் பணிகள் முன்மாதிரியாக இருக்க வேண்டும். மெட்ரோ ரயில், மேம்பாலம், மழைநீர் வடிகால் பணிகளின் ஒப்பந்தத்தில் புழுதித் தடுப்புக்குத் தனித் தொகை ஒதுக்கி, செய்த வேலைக்கு மட்டும் அதை வழங்கினால் ஒப்பந்ததாரர் அதைச் சுமையாகக் கருதமாட்டார்.

நான்காவது, சிறு கட்டடங்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களுக்கே சுற்றுச்சூழல் முன்அனுமதி தேவைப்படுகிறது. தெருவுக்குத் தெரு எழும் தனி வீடுகளும் மூன்று மாடிக் குடியிருப்புகளும் அந்தக் கண்காணிப்புக்கு வெளியே நிற்கின்றன. மணலும் ஜல்லியும் சாலையோரத்தில் கொட்டப்படுவது இங்கேதான் அதிகம். வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்தின் மீது கடும் அபராதம் விதிப்பதைவிட, கட்டட அனுமதி வழங்கும்போதே செய்ய வேண்டியவற்றை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டுத் தருவதும், தண்ணீர் பாய்ச்சி அறுக்கும் கருவிகள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கச் செய்வதும் பலனளிக்கும்.

இவற்றால் செலவு கூடும் என்று கட்டுமானத் துறையினர் கூறக்கூடும். தரமான வலைக்கும் சக்கரம் கழுவும் பள்ளத்துக்கும் செலவாவது உண்மைதான். அதைச் செய்யாதபோது அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை; அண்டை வீட்டுக் குழந்தையின் மருத்துவச் செலவாகவும், தொழிலாளியின் குன்றிய ஆயுளாகவும் இடம் மாறுகிறது.

பி.எம். 10 துகளின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியா தனக்குத்தானே வகுத்துக்கொண்ட வரம்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்ததோ 15 மைக்ரோகிராம். இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டுமானால், எத்தனை கட்டடங்களில் வலை கட்டப்பட்டது என்று எண்ணுவதை விட்டு, எத்தனை இடங்களில் புழுதி குறைந்தது என்று அளக்கத் தொடங்க வேண்டும்.