பாட்டு வாத்தியாரின் பட்டியல்

பள்ளிப் பிள்ளைகள் மேடையேறி பரோக் இசை வாசித்தால், கேட்பவர்கள் முகத்தில் ஒரு சலுகைச் சிரிப்பு வந்துவிடுகிறது. பாக், விவால்டி எல்லாம் தேர்ந்தவர்கள் சமாச்சாரம். இதுகள் ஏதோ ஆசைப்பட்டு வாசிக்கின்றன, சுருதி முன்னே பின்னே போனால் என்ன, தட்டிக்கொடுத்துவிட்டுப் போவோம் என்கிற சிரிப்பு. எனக்கு அது பிடிப்பதில்லை. இந்த இசையில் நல்ல பங்கு பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் எழுதப்பட்டது. வெனிஸில் ஆதரவற்ற பெண்களுக்காக விவால்டி எழுதிய கதை பலருக்குத் தெரியும். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக் கதையைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்டவர்களுக்கு பாக் புதியவரல்ல. அந்த மேதை 1723 முதல் 1750-ல் சாகும்வரை பார்த்த உத்தியோகம், லைப்சிக்கின் புனித தோமா பள்ளியில் பாட்டு வாத்தியார். அதுவும் நகரசபையின் முதல் தேர்வு அவரில்லை. டெலமான் என்ற இசையமைப்பாளர் வர மறுத்து, கிரௌப்னர் என்ற இன்னொருவரை அவருடைய எஜமானர் விட மறுத்த பிறகுதான் பாக்குக்கு வாய்ப்பு. லத்தீன் பாடமும் எடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. பாக் தன் கையிலிருந்து ஆண்டுக்கு 50 தாலர் கொடுத்து, அதை இன்னொரு ஆசிரியர் தலையில் கட்டினார். விடுதி மேற்பார்வை முறை வரும் வாரங்களில் பையன்களோடேயே கிடக்கவேண்டும்.

முதல் சில வருஷங்கள் பெரும்பாலான ஞாயிறுகளில் சர்ச்சில் புதிதாக ஒரு கான்டாட்டா. குரலும் வாத்தியங்களுமாக இருபது நிமிஷத்துக்கு மேல் நீளும். வாரத்துக்குள் எழுதி முடிக்கவேண்டும். ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாளில் பிரதி எடுக்கவேண்டும். மாணவர்கள் எழுதினார்கள், மகன்கள் எழுதினார்கள், மனைவி அன்னா மக்தலேனாவும் எழுதினார். காலை ஏழு மணி ஆராதனையில் அது அரங்கேறிவிடும். சர்ச்சில் பெண்கள் பாடக்கூடாது என்பதால், இன்று உலகப் புகழ்பெற்ற பாடகிகள் ஒலிப்பதிவுக்கூடத்தில் திரும்பத் திரும்பப் பாடிச் சரிசெய்கிற சொப்ரானோ பாட்டுகளை அன்று பாடியவர்கள் குரல் உடையாத பையன்கள். ஒத்திகைக்கு எத்தனை நேரம் கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக வாத்தியார் பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். லைப்சிக்குக்கு வெகு முன்பே, ஆர்ன்ஸ்டாட்டில் இருபது வயதில் மாணவர்களை வைத்து இசை நடத்தியபோது, கேயர்ஸ்பாக் என்ற மாணவனின் பஸூன் வாசிப்பை மட்டமாகப் பேசியிருக்கிறார். அவன் வாத்தியாரைவிட வயதில் மூத்தவன். 1705-ல் ஒரு இரவு கம்போடு வழிமறித்தான். பாக் வாளை உருவினார். கூட இருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். விசாரணை நடந்து, எல்லாம் ஏட்டில் பதிவாகியிருக்கிறது.

லைப்சிக்கில் வாள் இல்லை, மனுதான். 1730 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, 'மிக அவசியமான' என்று தலைப்பிலேயே போட்டு நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். ஒரு பாடகர் குழுவுக்கு 12 பேராவது வேண்டும். 16 பேர் இருந்தால் நல்லது. ஒருவனுக்குத் தொண்டை கட்டினாலும் மற்றவர்கள் சமாளிக்க வேண்டுமே! வாத்தியத்துக்கு 18 பேராவது வேண்டும். நகரசபைச் சம்பளத்தில் இருப்பது எட்டே பேர், அதிலும் ஒருவன் பயிற்சிப் பையன். மீதி இடங்களை மாணவர்களை வைத்து நிரப்ப, பாட வேண்டியவன் வயலின் பக்கம் போய்விடுகிறான், பாட்டில் ஆள் குறைகிறது. எந்தப் பள்ளி இசை ஆசிரியரைக் கேட்டாலும் இதே புலம்பலைச் சொல்வார்.

கடைசியில் கணக்கு: 17 பேர் தேறுவார்கள், 20 பேர் இன்னும் பழகவேண்டும், 17 பேர் உதவாதவர்கள். முந்தைய வருஷச் சேர்க்கையின்போதே பையன்களைப் பாடவைத்துப் பார்த்து யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று எழுதிக்கொடுத்திருந்தார். தேறமாட்டான் என்று எழுதியவனுக்கும் இடம் கிடைத்தது. பள்ளிச் சேர்க்கை நடக்கும் விதம் அறிந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. அதே ஆகஸ்டில்தான் நகரசபைக் கூட்டத்தில் இவரைத் திருத்தவே முடியாதவர் என்று பேசி, வருமானத்தைக் குறைக்க முடிவெடுத்திருந்தார்கள். ஏற்கெனவே அது சாவுகளை நம்பிய வருமானம். ஊரில் நல்ல காற்று வீசினால் இறுதி ஊர்வலங்கள் குறைகின்றன, போன வருஷம் 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்று அக்டோபரில் பழைய நண்பர் எர்ட்மானுக்குக் கடிதம் போட்டார்.

இத்தனை புலம்பியவர், பையன்களுக்காக ஒரு இடத்திலாவது இறங்கி வந்தாரா? ஏசுவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய 'மத்தேயு பாஸியன்' 1727-ல் முதலில் அரங்கேறியதாக இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். இரண்டு பாடகர் குழு, இரண்டு வாத்தியக் குழு, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்படிப்பட்ட பையன்களை நம்பித்தான் எழுதினார். அவர்களால் முடிந்ததை எழுதாமல், வேண்டியதை எழுதிக் கொடுத்தார். அதனால் பள்ளிக் கச்சேரியில் ஒரு ஓபோ பிசிறினால் நான் சிரிப்பதில்லை. பாக்கைப் போல முகம் சுளிக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பள்ளியின் பையன்கள் இன்றும் வார இறுதிகளில் லைப்சிக்கின் தோமா ஆலயத்தில் பாடுகிறார்கள். தேர்ந்த பாடகர்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் என் மனம் அந்த உதவாத 17 பேரிடமே போகிறது. பாட்டு அதிகம் வேண்டாத புனித பேதுரு ஆலயத்துக்குத்தான் இந்த ரகத்தை அனுப்புவது வழக்கம். தேறியவர்களில் ஒரு கிரெப்ஸ் பின்னாளில் பெயர்பெற்ற ஆர்கன் கலைஞரானார். தேறாதவர்களையும் பாக் சும்மா விடவில்லை. பவுவர், எபர்ஹார்ட், ஐஷல், ட்ஸ்விக்கர் என்று ஒருவர் விடாமல் பெயர் எழுதி, இவர்கள் இசைக்காரர்களே அல்ல என்று போட்டுவிட்டார். ஏறக்குறைய முந்நூறு வருஷமாகிறது. பாக்கின் வாழ்க்கையை விரிவாக எழுதும் புத்தகங்களில் அந்தப் பட்டியல் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.