பிழைக்கும் ஒரு பட்டறை வேண்டும்

குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் திரித்துப்பாக்கிக்கு மலாயில் ‘இஸ்திங்கார்’ என்று பெயர். 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் சொல்லிலிருந்து திரிந்தது அது. அவ்வகைக் குழல்களை, 1637-இல் அரச சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம், கூடுதல் மருந்திட்டுச் சுட்டுப் பார்த்த பிறகே முத்திரையிட்டது. பழுதான குழல் சோதனையிலேயே வெடிக்கும்; வாங்கியவன் கையில் வெடிக்காது. வெடித்த இடத்தைப் பார்த்துக் கொல்லன் அடுத்ததைத் திருத்துவான்.

நம் பிள்ளைகளுக்கு இத்தகைய பட்டறை எங்கே? ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வருவோரில் பலர், மலாயில் பிழை வந்தால் சிரிப்பார்களே என்று வாய் திறப்பதில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன் நான், கண்டதையே சொல்கிறேன். அவர்களின் பிழை முதன்முதலாக வெடிப்பது வேலை நேர்காணலில்தான்.

அவர்களுக்குத் தேவை இன்னொரு மாதிரித் தேர்வுத்தாள் அன்று; அச்சமின்றிப் பிழையாகப் பேசித் திருத்திக்கொள்ள ஓர் இடம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் நாமே அதை நடத்தலாமே, தோழர்களே!