நொண்டும் கால்நடைக்குச் சூட்டுக்கோல் போதுமா?

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில்தான் செங்கோட்டை வட்டாரத்தில் கார் நெல் வேலையும் மும்முரமாக நடக்கிறது. தொளி உழவின்போது ஒரு காளைக்குக் கால் பிசகிவிட்டால் அதன் ஜோடியும் சும்மா நிற்க வேண்டியதுதான். வாடகை டிராக்டருக்கு முறை காத்திருப்பதற்குள் நடவு தள்ளிப் போகிறது. சிறு விவசாயிக்கு இது சிறிய நஷ்டமல்ல.

டிராக்டர் வந்த பிறகு உழவு மாடுகள் குறைந்துவிட்டன. ஜட்கா வண்டியும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயினும் வண்டி மாட்டையும் கறவை மாட்டையும் நம்பி வாழும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. தென் மாவட்டங்களில் பந்தயத்திற்கென்று காளையும் குதிரையும் வளர்ப்போரும் உண்டு. இந்தக் கால்நடைகள் நொண்டத் தொடங்கினால் பெரும்பாலும் நடப்பது என்ன? முதலில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறார்கள். அதில் கேட்காவிட்டால் சூடு போடுகிறார்கள். அதற்கும் கேட்காவிட்டால் வலி குறைய ஊசி போட்டு, மறுநாளே நுகத்தில் பூட்டுகிறார்கள். கடைசியில் மாடு அடிமாட்டு விலைக்குப் போகிறது.

சூடு போடுவது வைத்தியமல்ல. காயத்தின் மேல் இன்னொரு காயம். ஓர் உதாரணம் பார்க்கலாம். சில காளைகள் பின்காலை மடக்க முடியாமல் விறைப்பாக இழுத்து, பிறகு வெடுக்கென்று உதறி நடக்கும். முழங்கால் சில்லு மேலேறிச் சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். கால்நடை மருத்துவர் ஒரு தசைநாரை வெட்டிவிடும் சிறு அறுவையில் இது சரியாகும். இதற்கு எத்தனை முறை சூடு போட்டாலும் சில்லு கீழே இறங்காது. ஆகவே, நொண்டலுக்குக் காரணம் எது என்று மருத்துவர் கண்டறிவதே முதல் வேலை.

அடுத்த வேலை, அடிபட்ட உறுப்பைப் படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. இதைத்தான் மனிதருக்கு இயன்முறை மருத்துவம் என்கிறார்கள். புதிதாகச் சுளுக்கி வீங்கிய காலுக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் குளிர்ந்த நீரே நல்லது. ஒரு தடவைக்குக் கால் மணி நேரமாக, நாளொன்றுக்குப் பல தடவை ஊற்றலாம். அப்போது தேய்க்கவோ, சூடான ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. வீக்கமும் சூடும் தணிந்த பிறகே ஒத்தடமும் மெதுவாக நீவி விடுவதும் பயன் தரும். பிறகு மருத்துவர் சொல்லும்போது சமதரையில் சில நிமிடங்கள் கையில் பிடித்து நடத்தி, வாரத்திற்கு வாரம் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

குதிரையின் விஷயத்தில் பொறுமை இன்னும் அவசியம். அதன் முன்காலின் தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது கிழிந்தால் ஆறப் பல மாதங்கள் பிடிக்கும். வலி குறைந்ததும் ஓட்டினால் அதே இடத்தில் மறுபடியும் கிழியும். மேலும், நானூறு, ஐநூறு கிலோ எடையுள்ள குதிரை ஒரு காலைத் தாங்கி நின்றால், பாரம் சுமக்கும் மற்றக் காலின் குளம்புக்குள் அழற்சி ஏற்படுகிறது. எனவே, அடிபடாத காலையும் கவனிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

கறவை மாட்டுக்கும் இது பொருந்தும். கன்று ஈன்றதும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து படுத்துவிடும் பசுவுக்கு மருத்துவர் மருந்து ஏற்றுகிறார். ஆனால், பசு ஒரே பக்கமாகப் பல மணி நேரம் கிடந்தால் அதன் எடையே அடித்தொடையின் சதையை நசுக்கிவிடும். பிறகு நோய் தீர்ந்தும் எழ முடியாது. மெத்தென்று வைக்கோல் பரப்பி, சில மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் போட்டு, காலை மடக்கி நீட்டிவிட்டால் பசு பிழைக்க வழியுண்டு. செலவில்லாத வேலைதான், செய்யும் முறை தெரிய வேண்டும்.

மனிதருக்கு இத்தகைய மறுவாழ்வுப் பணி எப்படி நடக்கிறது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். செங்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கம் தொடங்கப்பட்டது. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அதை நிறுவினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கிராமத்து ஆட்களுக்கே பயிற்சியளித்து, வீடு தேடிச் சென்று சிகிச்சை தருவது அந்நிறுவனம் காட்டிய வழி. அதே வழி தொழுவத்திற்கும் ஏன் வரக்கூடாது?

பிரிட்டனில் 1966-ம் ஆண்டின் கால்நடை மருத்துவச் சட்டப்படி நோயைக் கண்டறிவது மருத்துவரின் பொறுப்பு. அவர் வழிகாட்டுதலில் பயிற்சி பெற்றவர் குதிரைக்கு இயன்முறைச் சிகிச்சை தருகிறார். அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகம் குதிரை மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்றே சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகிறது. தமிழகத்தில் கால்நடை மருத்துவத்திற்கு 1989 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் அதன் கல்லூரி இயங்குகிறது. ஆயினும், மனிதருக்கு இருப்பது போன்ற தனித் தொழிலாக இத்துறை இங்கு இன்னும் வேரூன்றவில்லை.

குதிரை எத்தனை இருக்கிறது, இதற்கு ஒரு படிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. குதிரைக்கு மட்டும் என்றால் கேள்வி நியாயமே. ஆனால், குதிரையிடம் கற்ற வித்தை காளைக்கும் பசுவுக்கும் உதவுகிறது. அரைகுறைப் பயிற்சி பெற்றவர்கள் டாக்டர்களாகிவிடுவார்கள் என்ற அச்சம் இன்னும் நியாயமானது. இரண்டு நாள் வகுப்பில் கலந்துகொண்டு சான்றிதழை மாட்டிக்கொள்பவரால் நன்மையைவிடத் தீமையே அதிகம். அதற்குத் தடுப்பு 1984-ம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவரே சிகிச்சை தரலாம். மாநில அரசு ஆணையிட்டால், உரிய சான்று பெற்றவர் அவரது மேற்பார்வையில் சிறு பணிகளைச் செய்யலாம்.

ஆகவே, செய்ய வேண்டியவை இரண்டு. மருத்துவர்களுக்கு இத்துறையில் மேற்பயிற்சி அளிக்க வேண்டும். கிராமத்து இளைஞர்களுக்கும் லாடம் கட்டுவோருக்கும் சில மாதங்களாவது நீடிக்கும், தேர்வுடன் கூடிய செய்முறைப் பயிற்சி தர வேண்டும். மாட்டின் காலைத் தினமும் கையில் எடுக்கும் லாடக்காரரைவிட இதற்குத் தகுந்த மாணவர் யார்?

அது வரும்வரை விவசாயிகள் சூட்டுக்கோலைக் கீழே வைக்கலாம். மாடு நொண்டினால் வேலையை நிறுத்தி, குளிர்ந்த நீர் ஊற்றி, பக்கத்துக் கால்நடை மருந்தகத்திற்கோ 1962 எண்ணுக்கோ தகவல் சொல்லலாம். கிராம சபையில் இந்தப் பயிற்சியைக் கேட்டுத் தீர்மானமும் போடலாம். ஆண்டு முழுவதும் உழைத்த காளை ஒரு சுளுக்குக்காக அடிமாடாகப் போவது அதற்குச் செய்யும் அநியாயம், வளர்த்தவருக்கும் நஷ்டம்.