வாப்பா இல்லாத வீட்டில் வளர்ந்த இமாம்



“தகப்பன் இல்லாமல் வளரும் பிள்ளை, எங்கே உருப்படப் போகிறது?” என்று நம் ஊர்களில் வெகு இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். வாப்பா மௌத்தாகிவிட்ட வீடுகளில் மட்டுமல்ல, கட்டாரிலும் சவூதியிலும் வாப்பா உழைத்துக்கொண்டிருக்கும் வீடுகளிலும் உம்மாமாரின் உள்ளத்தை அரிக்கின்ற வார்த்தை இது.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாமும் அத்தகைய வீட்டில் வளர்ந்தவர்தாம். இமாம் ஷாபிஈ (ரஹ்) ஹிஜ்ரி 150ஆம் ஆண்டு (கி.பி. 767) பலஸ்தீனத்தின் காஸாவில் பிறந்தார்கள் என்பதே பிரபலமான அறிவிப்பு. தவழும் பருவத்திலேயே தந்தையை இழந்தார்கள். வீட்டிலோ வறுமை.

அந்தத் தாயார் என்ன செய்தார்? அந்நியர் மத்தியில் பிள்ளை தன் வேரை மறந்துவிடக்கூடாது என்று அஞ்சி, குறைஷிக் குடும்பத்தினர் வாழ்ந்த மக்காவுக்கு அவரை அழைத்துச் சென்றார். ஓதிக் கொடுப்பவருக்குக் கூலி கொடுக்கக் கையில் காசில்லை. ஆசிரியர் இல்லாத வேளையில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதே கூலியாயிற்று. கடதாசி வாங்க வசதியில்லாமல் எலும்புகளில் எழுதிப் படித்தார் அந்தச் சிறுவர். 7 வயதில் அல்குர்ஆனையும், 10 வயதில் இமாம் மாலிக்கின் ‘முவத்தா’வையும் மனனமிட்டார். பின்னர் மதீனா சென்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமே மாணவராக அமர்ந்தார்.

அந்தத் தாயாரால் மகனுக்கு ஒரு தகப்பனைக் கொடுக்க முடியவில்லை. ஆனால், பார்த்துப் பழக நல்ல மனிதர்களைத் தேடிக் கொடுத்தார். நம்மாலும் முடிகின்ற காரியம் இது.

உங்கள் மகன் யாரைப் பார்த்து வளர்கிறான் என்று ஒரு நாள் நிதானமாக எண்ணிப் பாருங்கள். தொழுகையும் நேர்மையும் உள்ள ஒரு மாமாவோ சாச்சாவோ இருந்தால், “ஜும்ஆவுக்குப் போகும்போது இவனையும் கூட்டிப் போங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பாடசாலை ஆசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள். அவனுடைய கூட்டாளிகளை வீட்டுக்கு அழைத்துச் சோறு கொடுங்கள். அவர்கள் யார் என்று தெரிந்துவிடும். நல்ல நண்பனைக் கஸ்தூரி வியாபாரிக்கும், கெட்ட நண்பனைக் கொல்லனின் துருத்திக்கும் நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டது நாம் அறியாததல்லவே!

வாப்பா வெளிநாட்டிலா? அவர் தொலைபேசியில் அழைக்கும்போது செலவுக் கணக்கோடு முடித்துவிடாதீர்கள். “இன்று என்ன படித்தாய்?” என்று மகளிடமும் மகனிடமும் அவரே கேட்கட்டும். தூரத்தில் இருப்பவரைப் பற்றிப் பிள்ளைகள் முன் குறை பேசினால், இருக்கின்ற ஒரு முன்மாதிரியையும் நாமே உடைத்தவர்களாவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் முதலில் பார்ப்பது நம்மைத்தான். ஒரு தாய், “வா, ஒன்று தருகிறேன்” என்று தன் பிள்ளையை அழைத்தபோது, என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபியவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அப்பெண். எதுவும் கொடுக்காதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்றார்கள் (அபூதாவூத்). கடன்காரர் வந்தால், “உம்மா வீட்டில் இல்லை என்று சொல்” எனப் பிள்ளையை அனுப்பும் நாம், அன்று அவனுக்கு என்ன பாடம் நடத்துகிறோம்?

யாருடைய பிள்ளையையும் “உருப்படாது” என்று இனிச் சொல்லாதிருப்போம். நம் வீடுகளில் வளரும் யதீம்களையும் மற்றப் பிள்ளைகளையும் அல்லாஹ் ஸாலிஹான மக்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.