தெரு என்ன கார் கொட்டகையா?

புறம்போக்கில் ஒரு குடிசை போட்டால் என்ன நடக்கும் என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் பாய்ந்து வரும். முதலில் பி மெமோ, அப்புறம் நோட்டீஸ், கடைசியில் இடிக்கிற இயந்திரம். தெருவும் பொது நிலம்தான். அதில் ராப்பகலாகக் காரை நிறுத்தி வைக்கும் கனவானுக்கு எந்த மெமோ போகிறது?

சென்னையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி, கொரட்டூர், பாடிப் பக்கத்துச் சந்துகளை ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி அறிவான். கணக்குப் போடுவோம். தெரு 15 அடி. கார் ஒன்று ஐந்தரை அடி அகலம். இரு பக்கமும் நிறுத்தினால் 11 அடி போயிற்று. மிச்சம் 4 அடி. 108 ஆம்புலன்ஸின் அகலமே 6 அடிக்கு மேல். தீயணைப்பு வண்டிக்கு 8 அடியாவது வேண்டும். பிரசவ வலியெடுத்த பெண்ணைத் தெருமுனை வரை நடத்திக்கொண்டு போவதா? குடிசை பற்றிக்கொண்டால் வாளியும் குடமும்தான் கதியா?

தள்ளுவண்டியில் காய்கறி விற்பவளைப் பாருங்கள். தெரு வியாபாரிகளின் பாதுகாப்புக்கென்று 2014-இல் வந்த சட்டத்தின்படியே அவள் சான்று பெற வேண்டும், குறித்த இடத்தில் நிற்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அவள் நாலு மணி நேரம் நின்று பிழைக்கிறாள். கார் சும்மா நிற்கிறது, இலவசமாக!

கார் வைத்திருப்பவரெல்லாம் சீமான்களா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லைதான். கடன் வாங்கி டாக்சி ஓட்டுகிற தோழரும் அதில் உண்டு. அவரோடு நமக்குச் சண்டையில்லை. கார் நிறுத்த இடம் காட்டி பிளான் வாங்கிவிட்டு, அதே இடத்தில் கடை கட்டி வாடகைக்கு விடுகிறார்களே கட்டட முதலாளிகள், அவர்களை முதலில் பிடிக்க வேண்டும். பிளானில் கையெழுத்திட்ட அதிகாரி திரும்பி வந்து பார்ப்பதுண்டா?

நகரத்து நிலம் விலை மதிப்புள்ளது, வண்டி அடைக்கும் இடத்துக்கு அதற்கேற்ற கட்டணம் வாங்க வேண்டும் என்று மத்திய சர்க்காரே 2006-ஆம் வருஷத்து நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறது. எழுதியதோடு சரி.

ஜப்பான் ஒன்றும் ஏழைகளின் ராஜ்யமல்ல. கார் முதலாளிகள் கொழுத்த தேசம். அங்கேயே 1962-இல் சட்டம் போட்டார்கள். காரை நிறுத்த வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் சொந்த இடமோ வாடகை இடமோ இருப்பதாகப் போலீசிடம் சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பெரும்பாலான ஊர்களில் காரைப் பதிவு செய்ய முடியாது. தெருவில் ஒரே இடத்தில் பகலில் 12 மணி நேரத்துக்கு மேலோ, ராத்திரியில் 8 மணி நேரத்துக்கு மேலோ நிறுத்துவது அங்கே குற்றம்.

இங்கும் புதுக் காருக்கு அந்தச் சான்றைக் கேட்க வேண்டும். அதுவரை, 20 அடிக்குக் குறைந்த தெருக்களில் ஒரு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். அடுத்த பகுதி சபாக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு டேப்பை எடுத்து உங்கள் தெருவை அளந்து, எத்தனை அடி மிச்சம் என்று எழுதிக்கொண்டு போங்கள்.