குடிப்பவரிடம் பேசும் முறை

மது ஹராம் என்பதை அறியாமல் குடிக்கின்ற முஸ்லிம் எவரும் நம் மஹல்லாக்களில் இல்லை. அப்படியிருக்க, அவர் அறிந்ததையே மீண்டும் மீண்டும் அவருக்கு அறிவிப்பதால் விளையும் பயன் யாது? அன்பர்களே, சிந்தித்ததுண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரை அவருடைய மக்கள் முன்னிலையிலேயே நான் கடிந்துரைத்தேன். அவர் தவ்பாச் செய்யவில்லை. தம் குடிக்கு நியாயம் கற்பித்தார். நான் குரலை உயர்த்த உயர்த்த, அவருடைய வாதமும் வலுத்தது. அதன்பின் ஜும்ஆவுக்கு வருவதையும் விட்டார். குடி நிற்கவில்லை; தொழுகைதான் நின்றது. அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு.

இவ்வாறு நேர்வது ஏன் என்பதை அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் மில்லர் 1983ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளார். பின்னர் 1991இல் ஸ்டீபன் ரோல்னிக் என்பாருடன் இணைந்து அதனை நூலாகவும் ஆக்கினார். குடிப்பவரின் மறுப்பு அவருடைய பிறவிக் குணமன்று. பேசுகின்றவரின் முறையே பெரும்பாலும் அதனை வளர்க்கிறது என்பது அவர்தம் கருத்து. விடவேண்டும், விடமுடியாது என்னும் இரு எண்ணங்களும் குடிப்பவருள் ஒருங்கே குடியிருக்கின்றன. முதற்பக்கத்தை நாம் பிடித்துக்கொண்டால் அவருக்கு எஞ்சுவது மற்றப் பக்கந்தானே!

குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10க்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று இம்முறையில் கேட்கின்றனர். அவர் 3 என்கிறார். நாமாயின், ஏன் 10 இல்லை என்று சீறுவோம். அவர்களோ, 0 என்னாமல் 3 என்றீர்களே, ஏன் என்று வினவுகின்றனர். மகளின் நிக்காஹ், கெட்டுவரும் ஈரல், வாப்பாவின் நற்பெயர் என்று காரணங்கள் அவர் வாயிலிருந்தே வருகின்றன.

விபசாரத்திற்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரை மற்றவர்கள் அதட்டியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அருகில் அமர்த்தி, தாய்க்கு இதனை விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட செய்தி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. ஒவ்வொரு முறையும் இல்லை என்று மறுத்தவர் அவ்விளைஞரே. பின்னர் அவர்மீது திருக்கரம் வைத்து துஆவும் செய்தார்கள்.

ஹராமை மூடி மறைக்கச் சொல்லுகிறேன் என்று எவரும் கருதவேண்டாம். மிம்பரில் சட்டம் முழங்கட்டும். வீட்டுத் திண்ணையில் வேறு குரல் வேண்டும். இன்னொன்று: நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும். சத்தியம் வாங்குமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நான் கடிந்தவரைப் பின்னொரு நாள் தேடிச் சென்றேன். உபதேசம் செய்யவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். அருகில் வந்த மகன் வாடை தாங்காமல் விலகிப் போனதை அவரே சொன்னார். இன்னும் முற்றாக விட்டாரில்லை. சென்ற ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் நின்றிருந்தார்.